பத்துக் கிலோவுக்குக் கீழே

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் ஸ்தோத்திரம். நான் சுகம். நீயும் அத்தானும் உள்ளே இருக்கிற குட்டி ஆளும் சுகமா? ஐந்து மாதம் முடிந்துவிட்டது. லாரி எடை போடுகிறேன் என்று அந்த எடைமேடைக் கூண்டின் இரும்புப் படியில் சும்மா ஏறி இறங்காதே.

இந்தச் சபைக்குப் போதகராக வந்து ஏழு வாரம் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் இங்கே இருபத்தாறு வருடம் இருந்தாராம். அவர் இருமினால்கூட ஜனங்களுக்கு ஆறுதலாக இருந்ததாம். நான் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மரியாதையாகத்தான் பார்க்கிறார்கள்.

போன வாரம் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். இயந்திரத்தில் சிக்கி ஒரு காலை இழந்த ஃபிட்டர் ஒருவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இவர் சீக்கிரமே சொந்தக் காலில் நிற்க உதவி செய்யும்" என்று ஜெபித்துவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டு இன்னும் ஐந்து நிமிடம் ஜெபித்தேன். அவர் மனைவி ஆமென் சொன்னார். அவர் சொல்லவில்லை.

சின்ன வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் ஊழியத்துக்கு என்று அம்மா என்னை ஒப்புக்கொடுத்தாள். பிழைத்தேன். கொடுத்த வாக்கை மாற்ற முடியாது. ஆனால் கொடுக்கும்போது நல்ல சரக்கா என்று அவள் பார்த்துக் கொடுத்திருக்கலாம். சனிக்கிழமை வந்தால் பிரசங்கத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ஏதாவது எழுது அக்கா. போனில் பேசினால் நான் 'ம்' என்பதைத் தாண்டமாட்டேன் என்று உனக்கே தெரியும்.

தம்பி

*

ஜனவரி 18

அன்புள்ள பென்சிலுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். மூன்றாவது ஆள் உதைக்கிற உதையைப் பார்த்தால் உன்னைப் போல ஒல்லியாக இருக்காது என்று தோன்றுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போதகர் ஆனாலும் எனக்கு நீ பென்சில்தான்.

சொந்தக் கால் விஷயத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மனிதர் பசையைக் கால்மேல் கொட்டிக்கொண்டார். பிறகு மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. மறுபடி அந்த வீட்டுக்குப் போனாயா? போயிருக்கமாட்டாய். போ.

பிரசங்கத்துக்கு எடைமேடைக்காரி என்ன சொல்வது? இங்கே ஒரு விதி உண்டு. லாரி மேடையில் ஏறி நின்றதும் ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும். சிலர் சோம்பல்பட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். சரக்கோடு அவர்கள் தொப்பையும் சேர்ந்து எடையாகிவிடும். நான் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, இறங்குங்க. உங்கள யாரும் வாங்கப் போறதில்ல" என்பேன். நீ பேசும்போது வண்டியைவிட்டு இறங்குவதே இல்லை என்று நினைக்கிறேன். நான் எப்படிப் பேசுகிறேன், என்னை என்ன நினைக்கிறார்கள் என்று உன்னையும் சேர்த்தே நிறுத்துக்கொண்டிருக்கிறாய். இறங்குடா.

அக்கா

*

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். சுகம். அனைவரின் சுகமும் அறிய ஆவல்.

ஒரு தப்புச் செய்துவிட்டேன், அது நன்றாக முடிந்தது. ஓட்டுநர் இறங்க வேண்டும் என்று நீ எழுதியதை அப்படியே ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னேன். யாரோ ஒரு பெண் எழுதியது என்று மட்டும் சொன்னேன். முதல்முறையாக எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. சபைச் செயலாளர், சிரிப்பதையே செலவாக நினைக்கிறவர், வாசலில் என் கையைப் பிடித்து, "இன்னிக்கு பேசினீங்க தம்பி" என்றார். அப்படியென்றால் இதுவரை நான் செய்தது என்ன?

அன்று சாயங்காலம் முழுவதும் திருடியவன் போல இருந்தது. ஆனாலும் கேட்கிறேன், இன்னும் எழுது. என் வழி எளிது. கடிதம் வந்ததும் முன்னும் பின்னும் உள்ள சுகவிசாரிப்பை விட்டுவிட்டு, நடுவில் வேண்டிய பகுதிக்குப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டுக்கொள்வேன். பிறகு அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வேன். பென்சில் என்று பெயர் வைத்தது வீண்போகவில்லை.

தம்பி

*

பிப்ரவரி 21

அன்புள்ள பென்சிலுக்கு,

மூவரும் சுகம், ஒருவர் மட்டும் நெஞ்செரிச்சலோடு. நீ அடைப்புக்குறி போடுகிறவன் என்று தெரிந்த பிறகு நடுவில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. திருட்டு என்று ஏன் நினைக்கிறாய்? உனக்கு எழுதியது உனக்குத்தானே.

இன்றைக்கு ஒரு பூனைக் கதை. கூண்டுக்குப் பக்கத்தில் வளைய வருகிற பூனை ஒன்று காலி மேடையில் படுத்து வெயில் காய்கிறது. திரையைப் பார்த்தேன், சுழியம். இந்த மேடைக்குப் பத்துக் கிலோதான் ஆரம்பம். அதற்குக் கீழே எதை வைத்தாலும் ஒன்றும் இல்லை என்றுதான் காட்டும். பூனையிடம் சொன்னேன், "நீ இல்லவே இல்லையாம்". அது கொட்டாவி விட்டது.

இப்போது சுகவிசாரிப்புப் பகுதி, தாண்டிவிடாதே. மே முதல் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். அப்போது நீ வந்துவிட வேண்டும். பிள்ளையைக் கையில் வாங்கி முதல் ஜெபம் நீதான் பண்ண வேண்டும். வேறு எந்தப் போதகர் கையிலும் கொடுக்கமாட்டேன். வருவாயா? பதிலில் எழுது.

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அனைவரும் சுகம் என்று நம்புகிறேன்.

எனக்குத்தான் சுகமில்லை, ஆனால் உடம்புக்கு இல்லை. ஜெபிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கிறது. வார்த்தைகள் சரியாக வந்து வரிசையாக நிற்கின்றன, கேட்கிற இடத்தில் யாரும் இல்லாத மாதிரி இருக்கிறது. போன வாரம் ஒரு அடக்க ஆராதனை. அழுகிறவர்கள் நடுவில் நின்றுகொண்டு, புத்தகத்தில் அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று மட்டும்தான் நினைத்தேன். மற்றவன் வீட்டுச் சாவுக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படிப்பட்டவனை எதற்கு அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்?

இதற்கு நடுவில், எங்களுக்கெல்லாம் மேலே இருக்கிற பெரியவர் ஏப்ரல் கடைசி ஞாயிறு வருகிறார். நான் தொடர்ந்து இருக்கலாமா என்பதை அன்றைக்குப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். அக்கா, ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்பு. இந்தத் தடவை நன்றாக இருக்க வேண்டும்.

தம்பி

*

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இப்போது நாங்கள் இருவர். இருவரும் இருக்கிறோம். விடுப்பு முடிந்து நேற்றுதான் வேலைக்கு வந்தேன். மே மாதம் நீ வர வேண்டியதில்லை.

பத்துக் கிலோ விஷயம் சொன்னேன் அல்லவா. நேற்று வண்டி இல்லாத நேரத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னத் துணிமூட்டையை மேடை நடுவில் வைத்துவிட்டு வந்து திரையைப் பார்த்தேன். சுழியம். கொஞ்சம் நகர்த்தி வைத்துப் பார்த்தேன். சுழியம்தான். ஐம்பது டன் தாங்குகிற மேடைக்கு அது தெரியவே இல்லை. எனக்குத்தான் தூக்க முடியவில்லை. பின்னால் வந்த ஓட்டுநர் ஹாரன் அடித்தான். மூட்டையை எடுத்துக்கொண்டு ஓரமாக வந்துவிட்டேன்.

ஆண்டவருடைய தராசு எத்தனை கிலோவில் ஆரம்பிக்கிறது என்று உங்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களா? தெரிந்தால் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அனைவரும் சுகம்தானே.

நேற்று பெரியவர் வந்தார். மூட்டைக் கதையைச் சொன்னேன். நம்முடைய துக்கங்கள் நமக்குத் தூக்க முடியாத மூட்டை, ஆனால் கடவுளுக்கு முன்னால் அது சுழியம், ஆகவே கலங்க வேண்டாம் என்று முடித்தேன். நீ கடைசியில் கேட்ட கேள்வியையும் கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, பிறகு பதில் சொன்னேன். பெரியவர் என் தோளில் தட்டினார். நான் இங்கேயே இருக்கலாமாம்.

இதுவரை எழுதிவிட்டுக் கோயிலைப் பூட்டப் போனேன். பெஞ்சுகளுக்கு நடுவில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, வேலையை விடாமலே கேட்டார்.

"ஐயா, நேத்து சொன்னீங்களே, அந்த மூட்டையில இருந்தது பழைய துணியா, புதுத் துணியா?"

"தெரியலையேம்மா" என்றேன்.

"புதுசாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்தேன். பென்சில் அடைப்புக்குறி இரண்டாவது பத்தியில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு மேலே இருப்பதை இப்போதுதான் படிக்கிறேன். நாங்கள் இருவர் என்று இருக்கிறது.

அக்கா, மூட்டையில் என்ன இருந்தது?

*

மே 8

அன்புள்ள மைத்துனருக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்கள் அக்கா எழுதமாட்டேன் என்கிறாள், அதனால் நான் எழுதுகிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 27 காலையில் அசைவு இல்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். துடிப்பு நின்று ஒரு நாள் ஆகிவிட்டது என்றார்கள். மறுநாள் பிறந்தது. பெண் குழந்தை. இரண்டு கிலோ முந்நூறு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். உங்களுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். "வேணாங்க. அவன் பெரியவர் வர்றதுக்குத் தயார் பண்ணிட்டிருப்பான். நானே எழுதிக்கறேன்" என்று வாங்கி வைத்துவிட்டாள்.

அடக்கத்துக்குப் பக்கத்துச் சபைப் போதகர் வந்தார். அவருக்கு அவசரம். புத்தகத்தில் அச்சடித்திருந்தபடி 'அவன்', 'அவனை' என்றே கடைசிவரை வாசித்தார். இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அவள்னு சொல்லச் சொல்லுங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் புத்தகத்தை மூடிவிட்டார். அதிலிருந்து இவள் கோயிலுக்குப் போவதில்லை.

மூட்டையில் இருந்தது பிள்ளைக்கு வாங்கி வைத்த துணிகள். உங்கள் கடிதத்தை நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கடவுளுக்கு முன்னால் சுழியம் என்ற இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குமேல் நான் படிக்கவில்லை.

உங்கள் அத்தான்

*

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

நான் எப்படிப்பட்ட தம்பி. நான் எப்படிப்பட்ட போதகன். உன் கடிதத்தின் நடுவில் அடைப்புக்குறி போட்டவன் நான். அதற்கு வெளியே நீ செத்துக்கொண்டிருந்ததை நான் படிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் ஜெபிக்கப் போன நான் உன் வீட்டுக்கு வரவில்லை. இந்த அங்கிக்குத் தகுதி இல்லை என்று நான் முதலிலேயே சொன்னேன், யாரும் நம்பவில்லை, இப்போது நான் நிரூபித்துவிட்டேன். விலகல் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நான் அங்கே வரட்டுமா? வந்தால் நான் என்ன சொல்வேன்?

தம்பி

*

மே 17

தம்பிக்கு,

உன் கடிதத்தில் 'நான்' ஒன்பது தடவை வருகிறது. எண்ணினேன். உன்னை இறங்கச் சொல்லி நாலு மாதம் ஆகிறது, இன்னும் வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறாய்.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. தெரிந்தால் எழுது என்று உன்னை ஒரு கேள்வி கேட்டேன். அதை நீ ஜனங்களிடம் கேட்டு, நீயே பதிலும் சொல்லிவிட்டாய். எனக்கு எழுதவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். வா. அடக்க ஆராதனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா. அவளைப் புதைத்த இடத்தில் நின்று அதே வரிகளை மறுபடி வாசி. 'அவன்' என்று இருக்கிற இடத்திலெல்லாம் 'அவள்' என்று வாசி. அவ்வளவுதான். ஆறுதல் வேண்டாம், விளக்கம் வேண்டாம், சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்காதே. இதற்குத் தகுதி என்ன வேண்டியிருக்கிறது? எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். இதையாவது எனக்குச் செய்.

அக்கா

*

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகமில்லை. முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா?

நன்றாகச் செய்தாய் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் இடத்தில் சரியாக வாசித்தாய். இரண்டாவது இடத்தில் 'அவ' என்று ஆரம்பித்து நின்றுவிட்டாய். தண்ணீர் குடித்தாய். மறுபடி 'அவ' என்றாய். அத்தான் திரும்பி நின்றுகொண்டார். அன்றைக்கு நீ சொல்ல வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதுகூட உனக்கு வரவில்லை. புத்தகத்தை உன் கையிலிருந்து வாங்கி மீதியை நானே வாசித்தேன். பதினொரு இடம். எல்லா இடத்திலும் சரியாகச் சொன்னேன். ஆமென் சொல்ல மட்டும் மனசு வரவில்லை. நீயும் சொல்லவில்லை. உன் அத்தான்தான் சொன்னார்.

நீ மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாய். நம் அம்மா செத்தபோதுகூட நீ அப்படி அழுது நான் பார்க்கவில்லை. உன்னை எழுப்பக் கை வந்தது, எழுப்பவில்லை. எனக்கும் உட்கார வேண்டும் போல இருந்தது.

விலகல் கடிதத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் பாடு. அம்மாவின் வாக்கு என்று என்னிடம் வராதே. வாக்கு வாங்குகிறவரோடு எனக்கு இப்போது பேச்சு இல்லை. நான் கோயிலுக்குப் போகவில்லை. போவேனா என்றும் தெரியாது.

ஒன்று மட்டும். அங்கே நீ அழுததைப் பிரசங்கத்தில் வைத்துவிடாதே. அது எங்களுடையது.

அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமில்லை. நீயும் அத்தானும் சுகமில்லை என்பதை முதல் வரியிலேயே படித்தேன். கடிதத்தில் எங்கேயும் பென்சில் வைக்கவில்லை.

தராசு பற்றி நீ கேட்டதற்குப் பதில் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரியாது. ஏப்ரலிலேயே இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

விலகல் கடிதம் சட்டையோடு துவைபட்டுக் கூழாகிவிட்டது. இன்னொன்று எழுதவில்லை. எழுதாமல் இருக்கவும் முடிவு செய்யவில்லை. ஃபிட்டர் வீட்டுக்குப் போனேன். ஜெபம் வரவில்லை, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். ஞாயிறன்று பிரசங்கம் இல்லை என்று சொல்லி, பாட்டோடு முடித்துவிட்டேன். செயலாளர் முகம் பழையபடி ஆகிவிட்டது. எல்லோரும் போன பிறகு, பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"அது புதுத் துணிதானேங்கய்யா?"

"ஆமாம்மா" என்றேன். "ஒரு தடவகூடப் போடல."

தம்பி